ஒரு சொட்டில் தெரியும் எண்ணெயின் தரம்



பள்ளி விட்டு வரும் வழியில் கோரேங் பிசாங் கடையைக் கடந்திருப்பீர்கள். சட்டியில் வாழைப்பழம் சலசலவென்று பொரியும். வாசனை சாலை வரைக்கும் வந்து கூப்பிடும். மலேசியாவில் அந்தச் சட்டியில் இருப்பது பெரும்பாலும் செம்பனை எண்ணெய்தான். அது நல்ல எண்ணெயா, கெட்டுப்போனதா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? முகர்ந்து பார்த்தால் தெரியுமா?

மிகவும் கெட்டுப்போயிருந்தால் மூக்கே சொல்லிவிடும். அதற்கு முந்தைய நிலைகளைச் சொல்ல மூக்கு போதாது. ஆகவே எண்ணெயைக் கேள்வி கேட்க வேதியியல் சில வழிகளைக் கண்டுபிடித்தது. அவற்றில் பழையதும் எளியதுமான ஒன்று நீங்கள் படிவம் 4-இல் செய்கிற டைட்ரேஷன்தான். ஒரு பியூரெட், ஒரு கூம்புக் குடுவை, இரண்டு மூன்று சொட்டு நிறங்காட்டி. செம்பனை ஆலையின் ஆய்வகத்தில் தினமும் நடப்பதும், பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டில் மாணவர்கள் பழகுவதும் இதே வேலை. இந்த வாரம் அந்தக் குடுவைக்குள் நடப்பதைப் பார்ப்போம். அதற்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்வர வேண்டும்.

வெட்டியதும் ஓடத் தொடங்கும் கடிகாரம்

செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மரம். 1848-இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. நம் நாட்டில் முதலில் அழகுக்காகத்தான் நட்டார்கள். 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கோலசிலாங்கூர் பக்கத்துத் தென்னமாரம் தோட்டத்தில் அதை வணிகப் பயிராக நட்டார். (மலாயாவைக் களமாக வைத்து இவர் எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. எண்ணெய்க்கும் இலக்கியத்துக்கும் இப்படியும் ஓர் உறவு!)

உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் வேலை செய்தவர்களாக இருந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள்: குலை பழுத்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? மரத்தடியில் கிடக்கும் உதிரிப் பழங்களைப் பார்த்து என்பார்கள். அனுபவத்தில் வந்த அந்த அறிவு இன்று தரவிதியாகவே இருக்கிறது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரம்பிரிப்பு விதிப்படி, ஒரு குலையில் குறைந்தது பத்துப் பழங்களாவது உதிர்ந்த புதுக் குழிகள் இருந்தால்தான் அது பழுத்த குலை.

அவசரப்பட்டுக் காயாக வெட்டினால் எண்ணெய் குறைவு. அதிகம் பழுக்கவிட்டால் எண்ணெய் நிறைய இருக்கும், ஆனால் கெடத் தொடங்கியிருக்கும். ஏன்?

எண்ணெய் மூலக்கூறை மூன்று பற்கள் உள்ள ஒரு சிறு சீப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். சீப்பின் முதுகு கிளிசரால். ஒவ்வொரு பல்லும் ஒரு கொழுப்பமிலம். இதற்குப் பெயர் டிரைகிளிசரைடு. பற்கள் முதுகோடு ஒட்டியிருக்கும்வரை எண்ணெய் நல்ல எண்ணெய். ஒரு பல் உடைந்து தனியே மிதந்தால் அது தனிக் கொழுப்பமிலம்.

செம்பனைப் பழத்தின் சதையில் லைபேஸ் என்ற நொதி இருக்கிறது. பழம் முழுதாக இருக்கும்போது நொதியும் எண்ணெயும் பெரும்பாலும் தனித்தனியே இருக்கின்றன. பழம் நசுங்கினால் செல்கள் உடைந்து இரண்டும் கலந்துவிடும். உடனே நொதி, பழத்திலுள்ள நீரைப் பயன்படுத்திச் சீப்பின் பற்களை ஒவ்வொன்றாக உடைக்கத் தொடங்குகிறது. உயரத்திலிருந்து விழும் குலை, லோரியில் தூக்கி எறியப்படும் குலை, மேலே ஏறி மிதிக்கப்படும் குலை எல்லாவற்றிலும் இது நடக்கும். அதனால்தான் வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்த்துவிட வேண்டும் என்கிறார்கள்.

ஆலையில் முதல் வேலை பிழிவதல்ல, ஆவியில் வேகவைப்பது. சுமார் 3 பார் அழுத்தத்தில், ஏறத்தாழ 140 பாகை செல்சியசில், ஒரு மணி நேரத்துக்கும் கூடுதலாகக் குலைகள் வேகும். அந்தச் சூட்டில் நொதி செயலிழந்துவிடும், கடிகாரம் நின்றுவிடும். பழங்களும் காம்பிலிருந்து எளிதில் கழன்றுவிடும். ஆனால் அதுவரை உடைந்த பற்கள் உடைந்தவைதான். அவற்றைத் திரும்ப ஒட்டவைக்க ஆலையால் முடியாது.

இதில் பணம் எங்கே வருகிறது? ஆலையிலிருந்து வெளிவரும் கச்சா செம்பனை எண்ணெயில் தனிக் கொழுப்பமிலம் 5 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்பது வணிகத்தில் வழக்கமான வரம்பு. 30 டன் எண்ணெய் ஏற்றிய ஒரு டேங்கர் லோரியை எடுத்துக்கொள்வோம். 3.5 சதவிகிதம் என்றால் அதில் 1,050 கிலோ தனி அமிலம். 5 சதவிகிதம் என்றால் 1,500 கிலோ. வித்தியாசம் 450 கிலோ. சுத்திகரிப்பு ஆலை இதைப் பிரித்தெடுத்துச் சோப்பு போன்ற பொருள்கள் செய்பவர்களுக்கு விற்கும். சமையல் எண்ணெயாக விற்க முடியாது. லோரி ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். மதிப்பு மட்டும் வேறு. அந்த வித்தியாசத்தைக் கண் காணாது, பியூரெட் காணும்.

குடுவைக்குள் நடப்பது

முறையைச் சொல்கிறேன். (வீட்டில் செய்ய வேண்டாம். சூடான ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணில் பட்டால் ஆபத்து. ஆசிரியர் முன்னிலையில், ஆய்வகத்தில் மட்டும்.)

கச்சா செம்பனை எண்ணெய் 5.00 கிராம் எடைபோட்டுக் குடுவையில் எடுங்கள். சூடாக்கிய எத்தனால் 50 மி.லி. சேருங்கள். எண்ணெய் நீரில் கரையாது என்பதால்தான் ஆல்கஹால். தனி அமிலம் ஆல்கஹாலுக்குள் வந்துவிடும். இரண்டு மூன்று சொட்டு ஃபினாப்தலீன் விடுங்கள். பிறகு பியூரெட்டிலிருந்து 0.100 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை விட்டு விட்டுக் குலுக்குங்கள். நிலையான இளஞ்சிவப்பு தோன்றி அரை நிமிடம் மறையாமல் நின்றால் நிறுத்துங்கள்.

இங்கே ஒரு சிக்கல். கச்சா செம்பனை எண்ணெயே செக்கச்செவேல் என்று இருக்கும். காரட்டுக்கு நிறம் தரும் கரோட்டீன் வகைப் பொருள்கள் அதில் கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் வரை உண்டு. சிவப்பில் இளஞ்சிவப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? குலுக்கிய பின் ஒரு கணம் பொறுங்கள். எண்ணெய் கீழே இறங்கும். ஆல்கஹால் மேலே நிற்கும். மேலே உள்ள அந்தப் படலத்தின் நிறத்தைப் பாருங்கள். குடுவைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த இடத்தில்தான் ஆய்வகத்தில் கால் மணி நேரம் போகும்.

6.8 மி.லி. செலவானது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு:

தனிக் கொழுப்பமிலச் சதவிகிதம் = 25.6 × காரத்தின் செறிவு × செலவான மி.லி. ÷ எண்ணெயின் எடை

25.6 × 0.100 × 6.8 ÷ 5.00 = 3.48 சதவிகிதம்.

அந்த 25.6 எங்கிருந்து வந்தது? மனப்பாடம் செய்யாதீர்கள். செம்பனை எண்ணெயில் அதிகம் இருப்பது பால்மிட்டிக் அமிலம். அதில் 16 கார்பன், 32 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன்: 192 + 32 + 32 = 256. ஒரு மோல் அமிலத்துக்கு ஒரு மோல் காரம். மி.லி.யை லிட்டராக்க 1000-ஆல் வகுக்கிறோம், சதவிகிதமாக்க 100-ஆல் பெருக்குகிறோம். 256 × 100 ÷ 1000 = 25.6. மோல் பாடத்தில் படித்ததுதான் வேறு உடையில் வந்து நிற்கிறது. தேங்காய் எண்ணெயில் அதிகம் இருப்பது லாரிக் அமிலம். அதன் மோலார் நிறை 200. ஆகவே அங்கே 20.0 என்று போடவேண்டும். எந்த எண் போட்டோம் என்று அறிக்கையில் எழுதாவிட்டால் படிப்பவருக்கு விடையின் பொருளே புரியாது.

மூன்று குழு, மூன்று விடை

பல வருடங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அன்று கச்சா எண்ணெய் கிடைக்கவில்லை. கடையில் வாங்கிய புதுச் சமையல் எண்ணெய்ப் புட்டி ஒன்றையே எல்லாருக்கும் கொடுத்தேன். சுத்திகரித்த செம்பனை எண்ணெயில் தனி அமிலம் 0.1 சதவிகிதத்துக்குள் இருக்கவேண்டும். ஒவ்வொரு குழுவும் 10.0 கிராம் எடுத்தது. காரம் அதே 0.100 மோலார்.

முதல் குழுவுக்கு 0.3 மி.லி. செலவானது, விடை 0.08. இரண்டாவது குழுவுக்கு 0.7 மி.லி.; விடை 0.18. மூன்றாவது குழுவுக்கு 1.2 மி.லி.; விடை 0.31.

எண்ணெய் ஒரே புட்டியிலிருந்து வந்தது. விடை மூன்று!

மூன்றாவது குழுவின் குடுவையைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. ரோஜா சிரப் கலந்த பண்டோங் மாதிரி அடர்ந்த நிறம். மெல்லிய நிறம் வந்தபோது நம்பாமல், "இன்னும் கொஞ்சம் வரட்டும்" என்று விட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். இது எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற தவறு. நீங்களும் செய்வீர்கள்.

இரண்டாவது குழுவின் நிறம் சரியாகவே இருந்தது. எடையும் சரி. பியூரெட் அளவும் சரி. குழுவில் இருந்த ஒரு மாணவி சுற்றும் முற்றும் பார்த்தாள். பக்கத்துக் குழுவின் விடை 0.08, புத்தகம் சொல்வது 0.1-க்குள். மெதுவாக 0.18-ஐ அழிக்கப் போனாள். குழுவின் இன்னொருவர், "வேண்டாம், எண்ணெய் தரமற்றது என்று எழுதிவிடுவோம்" என்றார். இரண்டுமே தப்பு. எண்ணை அப்படியே வைத்துவிட்டுக் காரணத்தைத் தேடச் சொன்னேன்.

தேடினோம். கடைசியில் அகப்பட்டது நான்தான்.

ஆல்கஹாலில் சில சமயம் கொஞ்சம் அமிலம் கலந்திருக்கும். ஆகவே பயன்படுத்துவதற்கு முன் அதில் ஃபினாப்தலீன் விட்டு, இலேசாக நிறம் தெரியும்வரை காரம் சேர்த்து நடுநிலையாக்கி வைக்கவேண்டும். அன்று காலை அதைச் செய்யவேண்டியவன் நான். மூன்று புட்டிகளில் இரண்டைச் செய்துவிட்டு, யாரோ கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டேன். மூன்றாவது புட்டி இரண்டாவது குழுவிடம் போய்ச் சேர்ந்தது. எண்ணெயே போடாமல் அந்தப் புட்டியிலிருந்து 50 மி.லி. ஆல்கஹாலை மட்டும் எடுத்துச் சோதித்தோம். இதற்கு வெற்றுச் சோதனை என்று பெயர். 0.4 மி.லி. காரத்தை அது விழுங்கியது. 0.7-இல் 0.4 போனால் 0.3. முதல் குழுவின் விடையேதான்.

அந்த மாணவி 0.18-ஐ அழித்திருந்தால் என் தவறு யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அடுத்த வகுப்பும் அதே புட்டியைப் பயன்படுத்தியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே 0.4 மி.லி. பிழை கச்சா எண்ணெய்ச் சோதனையில் நடந்திருந்தால்? 6.8 மி.லி. 7.2 ஆகியிருக்கும், 3.48 சதவிகிதம் 3.69 ஆகியிருக்கும். ஒருவருக்கும் சந்தேகம் வந்திருக்காது. நல்ல எண்ணெயைச் சோதிக்கும்போது அதே பிழை விடையை இரட்டிப்பாக்கி, நல்ல எண்ணெயைக் கெட்ட எண்ணெயாகக் காட்டிவிட்டது. அளக்கும் பொருள் சிறிதாகும்போது பிழை பெரிதாகிறது. 0.3 மி.லி.யைப் பியூரெட்டில் படிப்பதே நம்பத்தகுந்த வேலையல்ல. ஒரு சொட்டு கூடினாலும் விடை மாறிவிடும். அடுத்த வாரம் அதே எண்ணெயை 20 கிராம் எடுத்தோம், காரத்தை 0.020 மோலாராக நீர்த்தோம். இப்போது 3 மி.லி. செலவானது. மூன்று குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே விடை வந்தது.

அது யார் எண்ணெய்?

இதுவரை கேட்டது, "எண்ணெய் எவ்வளவு உடைந்திருக்கிறது?" என்ற கேள்வி. "இது எந்த எண்ணெய்?" என்று கேட்க வேறு சோதனைகள் வேண்டும். அவற்றில் ஒன்று பிறந்தது வெண்ணெய்க் கடையில்.

1869-இல் பிரான்சில் மாட்டுக் கொழுப்பிலிருந்து மார்ஜரினைக் கண்டுபிடித்தார்கள். விலை மலிவு. சீக்கிரமே அதை வெண்ணெயோடு கலந்து, வெண்ணெய் விலைக்கே விற்கத் தொடங்கினார்கள். 1879-இல் கெட்ஸ்டார்ஃபர் என்ற வேதியியலாளர் இதைப் பிடிக்க ஒரு வழி சொன்னார். கொழுப்பைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு கொதிக்கவைத்து முழுவதையும் சோப்பாக்குங்கள். ஒரு கிராம் கொழுப்புக்கு எத்தனை மில்லிகிராம் காரம் செலவானது என்று பாருங்கள். அதுதான் சோப்பாக்கல் எண்.

நம் சீப்பை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். ஒவ்வொரு சீப்புக்கும் மூன்று பற்கள். மூன்று மூலக்கூறு காரம் தேவை. பற்கள் குட்டையாக இருந்தால் சீப்பின் எடை குறைவு. அப்போது ஒரு கிராமில் அதிகச் சீப்புகள் இருக்கும், அதிகக் காரம் செலவாகும். மூன்று பல்லும் பால்மிட்டிக் அமிலமான சீப்பின் மோலார் நிறை 807. பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு 56.1. கணக்குப் போடுங்கள்: 3 × 56.1 × 1000 ÷ 807 = 209. மூன்று பல்லும் லாரிக் அமிலமானால் மோலார் நிறை 639, விடை 263. நிஜ எண்ணெய்களில் பல அமிலங்கள் கலந்திருப்பதால் ஓர் எண்ணுக்குப் பதில் ஒரு வீச்சு கிடைக்கும். செம்பனை எண்ணெய்க்கு 190 முதல் 209. தேங்காய் எண்ணெய்க்கு 248 முதல் 265. வெண்ணெயில் நான்கே கார்பன் கொண்ட மிகக் குட்டையான பற்களும் உண்டு. ஆகவே அதன் எண் மாட்டுக் கொழுப்பின் எண்ணைவிடத் தெளிவாக உயர்ந்து நிற்கும். கலப்படம் செய்தால் எண் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

செம்பனைப் பழத்தில் ஒரு வேடிக்கை. சதையில் ஓர் எண்ணெய், உள்ளே பருப்பில் வேறோர் எண்ணெய்! சதை எண்ணெயில் பால்மிட்டிக் அமிலம் அதிகம். பருப்பு எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். குணத்தில் அது தேங்காய் எண்ணெய்க்குத்தான் சொந்தக்காரன். சோப்பாக்கல் எண்ணும் 230-க்கு மேல். ஒரே பழத்தில் பிறந்த இரண்டும் ஒன்றல்ல என்பதைக் குடுவை உடனே சொல்லிவிடும்.

இரண்டாவது அடையாளம் அயோடின் எண். 1884-இல் ஹியூபெல் என்பவர் தந்த முறை இது. கொழுப்பமிலச் சங்கிலியில் சில இடங்களில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கும். அயோடின் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறது என்பதே அந்த எண். தேங்காய் எண்ணெய்க்கு 6 முதல் 11. செம்பனைக்கு 50 முதல் 55. நல்லெண்ணெய்க்கு 100-க்கு மேல். எண் கூடினால் எண்ணெய் குளிரிலும் திரவமாக நிற்கும். ஆனால் காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை அடிக்கும் வாய்ப்பும் கூடும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குகிற இந்தக் குணத்தால்தான் செம்பனை எண்ணெயைப் பொரிப்பதற்கு விரும்புகிறார்கள். இரட்டைப் பிணைப்புகள் அதில் நடுத்தரம்.

எண் பேசாமல் இருக்கும் இடம்

இப்போது கோரேங் பிசாங் சட்டிக்குத் திரும்புவோம்.

சட்டியில் ஒரே நேரத்தில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. வாழைப்பழத்திலிருந்தும் மாவிலிருந்தும் வெளிவரும் நீர் சீப்பின் பற்களை உடைக்கிறது. இங்கே நொதி தேவையில்லை, சூடே போதும். காற்றிலுள்ள ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகளின் பக்கத்தில் போய்த் தாக்கிப் பெராக்சைடுகளை உண்டாக்குகிறது. உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. பழைய எண்ணெய் கொழகொழப்பாவதும் நுரை தள்ளுவதும் இதனால்தான்.

பெராக்சைடை அளக்கப் பெராக்சைடு எண் என்று ஒன்று இருக்கிறது. புதிய சுத்திகரித்த எண்ணெயில் அது கிலோவுக்கு 10 மில்லிசமானத்துக்குள் இருக்கவேண்டும் என்பது அனைத்துலக உணவுத் தரவிதி. ஆகவே பலமுறை பொரித்த எண்ணெயில் அது மிக அதிகமாக இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. பெராக்சைடு சூடு தாங்காது. பொரிக்கும் வெப்பத்தில் உருவான வேகத்திலேயே சிதைந்து வேறு பொருள்களாகிவிடும். ஆகவே மிகப் பழைய எண்ணெய்கூட அந்தச் சோதனையில் நல்ல பிள்ளையாக வந்து நிற்கலாம். ஐரோப்பாவின் சில நாடுகள் இதனால் வேறோர் அளவை வைத்திருக்கின்றன. சிதைவில் உண்டான முனைவுப் பொருள்கள் எல்லாவற்றையும் சேர்த்து அளந்து, ஜெர்மனியில் 24 சதவிகிதத்தையும் பிரான்சில் 25 சதவிகிதத்தையும் தாண்டினால் எண்ணெயைக் கொட்டிவிடவேண்டும் என்கிறார்கள்.

தவறான கேள்வியைக் கேட்டால் சரியான எண்கூட ஏமாற்றும். இதற்கு ஸ்பெயின் கொடுத்த விலை மிகப் பெரிது. 1981 மே மாதத்தில் மட்ரிட் நகரை ஒட்டிய பகுதிகளில் திடீரென்று மக்கள் நோயுற்றார்கள். மூச்சுத் திணறல், காய்ச்சல், பிறகு தசைகளில் கடும் வலி. முதலில் தொற்றுநோய் என்றே மருத்துவர்கள் எண்ணினார்கள். சில வாரங்களுக்குப் பிறகுதான் நோயாளிகளின் வீடுகளில் பொதுவாக இருந்த ஒன்று தெரிந்தது: தெருவில் கூவி விற்றவர்களிடம் வாங்கிய, சீட்டு ஒட்டாத பிளாஸ்டிக் கலன்களில் இருந்த மலிவான எண்ணெய்.

அது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்காக இறக்குமதியான ரேப்சீட் எண்ணெய். யாரும் சமைத்துவிடக்கூடாது என்பதற்காகவே அதில் 2 சதவிகிதம் அனிலின் கலந்திருந்தார்கள். சிலர் அதைச் சுத்திகரித்து அனிலினை நீக்கிவிட்டோம் என்று எண்ணி, உணவு எண்ணெயாக விற்றுவிட்டார்கள். அனிலின் கொழுப்பமிலங்களோடு வினைபுரிந்து அனிலைடு என்ற பொருள்களை உண்டாக்கியிருந்தது. அந்த எண்ணெயை அடையாளம் காண ஆய்வாளர்கள் பின்னர் பயன்படுத்தியது இவற்றைத்தான். சுமார் 20,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். தொடக்கத்திலேயே 300 பேருக்கு மேல் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களில் பலர் பல வருடங்கள் வலியோடு வாழ்ந்தார்கள். கொன்ற நச்சு துல்லியமாக எது என்பது இன்றுவரை உறுதியாக நிறுவப்படவில்லை.

நாம் மேலே செய்த டைட்ரேஷனால் இந்த எண்ணெயைப் பிடித்திருக்க முடியுமா? முடியாது. சுத்திகரித்த எண்ணெயில் தனி அமிலம் குறைவாகவே இருக்கும். இளஞ்சிவப்பு சீக்கிரமே வந்திருக்கும். சோதனையைச் செய்த மாணவர் தவறே செய்யாமல், "தேர்ச்சி" என்று எழுதியிருப்பார். அனிலினைப் பற்றிக் குடுவையிடம் யாரும் கேட்கவில்லை, குடுவையும் சொல்லாது. இன்று எண்ணெயின் கொழுப்பமிலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவிகள் பெரிய ஆய்வகங்களில் இருக்கின்றன. அவற்றிடமும் எதைத் தேடவேண்டும் என்று மனிதர்தான் சொல்லவேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஆபத்தில்லாத சோதனை ஒன்று. மூடியுள்ள இரண்டு சிறிய கண்ணாடிப் புட்டிகளை எடுத்து நன்றாகக் காயவையுங்கள். ஒன்றில் வீட்டிலுள்ள செம்பனைச் சமையல் எண்ணெய், மற்றதில் சூரியகாந்தி எண்ணெய் அல்லது சோள எண்ணெய். இரண்டையும் இரவு குளிர்பெட்டியில், உறைபகுதியில் அல்லாமல் சாதாரணத் தட்டில், வையுங்கள். காலையில் செம்பனை எண்ணெய் கலங்கியோ உறைந்தோ இருக்கும். மற்றது தெளிவாகவே இருக்கும். குளிர்சாதன வசதியுள்ள கடையில் எண்ணெய்ப் புட்டி கலங்கியிருப்பதைப் பார்த்து, "கலப்படம்!" என்று சத்தம் போட்ட பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன். கலப்படம் அல்ல. இரட்டைப் பிணைப்பு இல்லாத நேரான சங்கிலிகள் குளிரில் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன, அவ்வளவுதான். அயோடின் எண் 50-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்த இரசாயனமும் இல்லாமல் கண்ணால் பார்க்கிறீர்கள்.

புட்டியை வெளியே எடுத்து வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அரை மணி நேரத்தில் மறுபடி தெளிந்துவிடும். எத்தனை நிமிடம் ஆனது, அறையின் வெப்பம் என்ன, எந்த எண்ணெய் என்று குறித்துக்கொள்ளுங்கள். நண்பரின் குறிப்போடு ஒத்துப்போகாவிட்டால் எதையும் அழிக்காதீர்கள். இருவரும் உட்கார்ந்து ஏன் என்று தேடுங்கள்.